69 காசுக்கு ஒரு முதலிடம்

சென்ற மாதம் ஒரு நூல் அறிமுகம் முடிந்து நாலைந்து பேர் மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ கொரியப் பாட்டுக்குப் போய்விட்டது. நான் மதிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவர், எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், தே தாரிக்கை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் காசு கொடுத்து வாங்கின முதலிடம்லா தம்பி. 69 காசுக்கு வித்தா யாரு வேணும்னாலும் நம்பர் ஒன் ஆயிடலாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். திரும்பி வரும்போது நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கையில்தான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான், பதில் அரைமணி நேரம் தாமதமாக வரும். அதனால் இந்தக் கட்டுரை.

கோபத்துக்குக் காரணம் என் தங்கச்சி. 2021இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம், அவள் டிப்ளோமா படித்துக்கொண்டே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு டியூஷன் எடுத்தாள். அந்தச் சம்பாத்தியத்திலிருந்து 50 வெள்ளியை எடுத்து, அமெரிக்காவில் இருக்கும் முகம் தெரியாத பிடிஎஸ் ரசிகர்களுக்கு அனுப்பியிருந்தாள். அவர்கள் அதை வைத்து 'பட்டர்' பாட்டை வாங்குவார்களாம். தெரிய வந்ததும் நான் கத்திவிட்டேன். யூடியூபில் சும்மாவே கிடைக்கிற பாட்டை எவனோ வாங்குவதற்கு நீ ஏன் காசு கொடுக்கிறாய் என்று கேட்டேன். அவள் அழவில்லை. மடிக்கணினியை என் பக்கம் திருப்பி ஒரு எக்செல் பக்கத்தைக் காட்டினாள்.

"இங்க வாங்கினா கணக்குல வராது அண்ணே. அமெரிக்காவுல வாங்கினாத்தான் ஹாட் 100க்குப் போகும். முழு விலை 1 டாலர் 29 காசு. அப்படின்னா 50 வெள்ளிக்கு ஒன்பது பாட்டுதான். இப்ப 69 காசு. பதினேழு வரும்."

நான் பொறியியல் படித்தவன். என்னைவிட என் தங்கச்சிக்கு அந்த அளவுகோல் நன்றாகப் புரிந்திருந்தது.

பில்போர்ட் ஹாட் 100 என்பது அமெரிக்காவின் பாட்டுப் பட்டியல். இணையத்தில் எத்தனை தடவை கேட்டார்கள், வானொலியில் ஒலித்ததை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் ஆகிய மூன்றையும் ஒரு கலவையாகச் சேர்த்து வாராவாரம் வெளியிடுகிறார்கள். டிஜிட்டல் விற்பனை 2005 தொடக்கத்தில் இதற்குள் வந்தது. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். விற்பனை என்றால் எத்தனை வெள்ளிக்கு விற்றது என்பதல்ல, எத்தனை பிரதி விற்றது என்பது. 1 டாலர் 29 காசு கொடுத்தாலும் ஒன்று. 69 காசு கொடுத்தாலும் அதே ஒன்று.

இது எனக்குப் புதிதில்லை. நான் முதலில் வேலை பார்த்த தொழிற்சாலையில் நொறுக்குத்தீனிகளைப் பொட்டலம் கட்டுவோம். தராசுகளைச் சரிபார்ப்பது என் வேலை. மாத இலக்கு எடையில் இல்லை, பெட்டி எண்ணிக்கையில் இருந்தது. ஆகவே மாதக் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் சூப்பர்வைசர் பெரிய பெட்டி ஓடுகிற லைனை நிறுத்திவிட்டுச் சின்னப் பெட்டியை ஓட்டுவார். ஒரு பெட்டி ஒரு பெட்டிதானே. யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணுகிற கருவி சரியாகத்தான் எண்ணியது, நானே சோதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இலக்கை எட்டிவிட்டோம் என்று மேலே அறிக்கை போகும். ஒருநாள் மேலாளர் கண்டுபிடித்தார். யாரைத் திட்டினார் தெரியுமா? பெட்டி அடுக்குகிற நேப்பாளித் தொழிலாளர்களை.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விலையைக் குறைத்து இடம் பிடிப்பது பிடிஎஸ் ரசிகர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. அவர்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. 1991 வரை கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் பட்டியல் போட்டார்கள். அதன்பிறகு சவுண்ட்ஸ்கேன் வந்து, கடைக் கல்லாவில் பட்டைக்கோடு உரசிய எண்ணிக்கை நேராகக் கணக்குக்கு வந்தது. அளவு துல்லியமாகிவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தார்கள். இசை நிறுவனங்களும் மகிழ்ந்தன, இனி எதை ஆட்டினால் எது நகரும் என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டதே! 2001இல் மரையா கேரியின் 'லவ்வர்பாய்' ஒரே வாரத்தில் 60ஆம் இடத்திலிருந்து 2ஆம் இடத்துக்குத் தாவியது. வானொலிகள் அதைப் பெரிதாகப் போடவில்லை. ஒற்றைப்பாட்டு வட்டின் விலையைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஐடியூன்ஸ். தொடக்கத்தில் எந்தப் பாட்டும் 99 காசு. 2009 ஏப்ரலில் 69 காசு, 99 காசு, 1 டாலர் 29 காசு என்று மூன்று படிகள் வந்தன. புதிதாக வந்து சூடாக ஓடும் பாட்டு மேல்படியில் இருக்கும், பழையது கீழ்ப்படிக்கு வரும் என்பது வணிகக் கணக்கு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டையே சரியான வாரம் பார்த்துக் கீழ்ப்படிக்கு இறக்கினால் என்ன ஆகும்? 2011 ஆகஸ்டில் ஆனது. கேட்டி பெர்ரியின் 'டீனேஜ் டிரீம்' ஆல்பத்திலிருந்து நான்கு பாடல்கள் ஏற்கெனவே முதலிடம் பிடித்திருந்தன. ஐந்தாவதும் பிடித்தால் மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' ஆல்பத்துக்குச் சமம். 'லாஸ்ட் ஃப்ரைடே நைட்' மேலே ஏற முடியாமல் நின்றது. மிஸ்ஸி எலியட்டைச் சேர்த்து ஒரு ரீமிக்ஸ் விட்டார்கள், விலையை 69 காசுக்கு இறக்கினார்கள். பாட்டு முதலிடம் போனது. சாதனை என்று எழுதினார்கள். இன்றைக்கும் சாதனைப் பட்டியலில் மைக்கேல் ஜாக்சன் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கிறது. நம் அண்ணன் அதைப் பற்றி மாமாக் கடையில் ஒருநாளும் பேசியதில்லை.

அதே வருடம் மே மாதம் இன்னொன்று நடந்தது. லேடி காகாவின் 'பார்ன் திஸ் வே' ஆல்பம் முழுவதையும் அமேசான் 99 காசுக்கு விற்றது. கூட்டம் தாங்காமல் அமேசானின் சர்வரே திணறியது. முதல் வாரம் மொத்தம் 11 லட்சத்து 8 ஆயிரம் பிரதிகள் விற்றன. அதில் 4 லட்சத்து 40 ஆயிரம் அந்த 99 காசுப் பிரதிகள் என்று அப்போது கணக்கிட்டார்கள். இசை நிறுவனத்துக்கு நட்டமில்லை, அமேசான் முழு மொத்த விலையைக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தைத் தன் விளம்பரச் செலவாக எடுத்துக்கொண்டது.

இதற்குத்தான் பில்போர்ட் விழித்துக்கொண்டது. அந்த நவம்பரில் புது விதி: வெளிவந்த முதல் நான்கு வாரங்களில் 3 டாலர் 49 காசுக்குக் கீழே விற்கும் ஆல்பம் கணக்கில் வராது. தனிப்பாட்டுக்கு முதல் மூன்று மாதம் 39 காசு எல்லை.

39! ஐடியூன்ஸின் மிகக் குறைந்த படியே 69. யாரும் விற்காத விலைக்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு, விலை விளையாட்டைத் தடுத்துவிட்டோம் என்றார்கள். வெளியிலிருந்து வந்த கடைக்காரன் செய்த ஆட்டத்துக்கு வேலி. நிறுவனங்கள் வழக்கமாகச் செய்கிற ஆட்டத்துக்கு வாசல் திறந்தே இருந்தது. எவ்வளவு திறந்திருந்தது என்றால், விதி வந்த அடுத்த மாதமே கேட்டி பெர்ரியின் ஆறாவது பாட்டு 'த ஒன் தட் காட் அவே'க்கும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். 69 காசு, இன்னொரு ரீமிக்ஸ். அது 3ஆம் இடத்தோடு நின்றுவிட்டது வேறு விஷயம்.

பில்போர்டுக்கு நியாயம் தெரியாது என்று நான் சொல்லவில்லை. 2013இல் ஜே-ஸீயின் ஆல்பத்தை சாம்சங் நிறுவனம் ஆளுக்கு 5 டாலர் வீதம் பத்து லட்சம் பிரதி வாங்கித் தன் கைத்தொலைபேசிக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. கேட்கிறவன் எதுவும் கொடுக்கவில்லை, ஆகவே விற்பனை இல்லை என்று பில்போர்ட் சேர்க்க மறுத்துவிட்டது. சரியான முடிவு. கேட்கிறவன் தன் பையிலிருந்து என்ன கொடுத்தான் என்பதுதான் முக்கியம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும், கொடுத்தது 69ஆ 129ஆ என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

இனி 2021. 'பட்டர்' ஜூன் 5 தேதியிட்ட பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. முதல் வாரம் மட்டும் 2 லட்சத்து 42 ஆயிரத்துக்கு மேல் பதிவிறக்க விற்பனை. ஏழு வாரம் தொடர்ந்து முதலிடம். பிறகு அவர்களுடைய இன்னொரு பாட்டே வந்து ஒரு வாரம் உட்கார்ந்தது, மறுபடி 'பட்டர்'. மொத்தம் பத்து வாரம். நடுவில் 'ஹாட்டர்', 'ஸ்வீட்டர்', 'கூலர்' என்று ரீமிக்ஸ்கள் வந்தன. எல்லாம் 69 காசு, எல்லாம் ஒரே பாட்டின் கணக்கில் சேரும். ஒலிவியா ரோட்ரிகோவின் 'குட் 4 யூ'வை இணையத்தில் அதிகம் பேர் கேட்டார்கள், ஆனாலும் அது இரண்டாம் இடத்தில் நின்றது. எப்படி இது முடிந்தது என்றால், பதிவிறக்கச் சந்தையே அதற்குள் வற்றிவிட்டிருந்தது. 2012இல் அமெரிக்காவில் 130 கோடிக்கும் மேல் பாட்டு விற்றது. அந்தக் கடலில் ரசிகர் கூட்டம் கை விட்டால் ஒன்றும் தெரியாது. வற்றிய குளத்தில் அதே கை விட்டால் குளமே கலங்கும்.

அந்த ஆகஸ்டில் பில்போர்ட் பத்திரிகை பிடிஎஸ் குழுவைப் பேட்டி கண்டது. ரசிகர்கள் மொத்தமாக வாங்கி முதலிடத்தைப் பிடிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை அவர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டது. தலைவர் ஆர்எம் சொன்ன பதிலின் சாரம் இது: நியாயமான கேள்விதான், ஆனால் முதலிடம் என்றால் என்னவாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குள் விவாதம் இருந்தால் விதியை மாற்ற வேண்டியவர்கள் நீங்கள். இதைவிட ஒழுங்காக ஒரு பொறியாளன்கூடப் பதில் சொல்லியிருக்க முடியாது.

விதியை மாற்றினார்கள். 2022 ஜனவரியிலிருந்து ஒருவர் வாரத்தில் வாங்கும் ஒரு பிரதிதான் கணக்கில் வரும் என்றார்கள். அதற்கு முன் நான்கு வரை வந்தது.

என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. விலையைக் குறைப்பது யார்? நிறுவனம். எந்த வாரம் குறைப்பது, எந்த வாரம் புது ரீமிக்ஸ் விடுவது என்று திட்டம் போடுவது யார்? அதுவும் நிறுவனம்தான். எந்தத் தள்ளுபடி விற்பனையும் முழு எடையோடு கணக்கில் ஏறும் என்று அளவுகோல் செய்தது பில்போர்ட். விதி வந்தபோது இவர்களில் யாருக்கும் கை கட்டப்படவில்லை. வாங்கியவளின் கைதான் கட்டப்பட்டது. பெட்டி அடுக்கியவர்களைத் திட்டிய என் மேலாளர் நினைவுக்கு வந்தார். மொத்தமாக வாங்குவதைத் தடுத்தது தவறு என்று சொல்ல வரவில்லை. ஒரே ஆள் நான்கு தடவை வாங்கினால் நான்கு பேர் ஆகிவிட மாட்டான், எனக்கும் தெரியும். அதைத் திருத்தினார்களே, 69ஐ ஏன் தொடவில்லை என்பதுதான் கேள்வி.

"காசு கொடுத்து வாங்கின முதலிடம்" என்று அண்ணன் சொன்னதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. விற்பனைக் கணக்கில் காசு கொடுத்து வாங்காமல் வேறு எப்படி இடம் பிடிப்பதாம்? வானொலிக் கணக்கு மட்டும் சுத்தமா? பாட்டை ஒலிபரப்ப நிலையங்களுக்குப் பணமும் பரிசும் கொடுத்த விவகாரத்தில் 2005இல் சோனி பிஎம்ஜி நியூயார்க் மாநிலத்துக்கு 1 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அங்கே வாங்கியது நிறுவனம், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. இங்கே வாங்கியது டியூஷன் எடுத்த ஒரு பெண், எக்செல் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு. ஏமாற்று என்ற சொல்லை எதற்கு வைத்திருக்கிறோம்?

சரி, எதிர்ப்பக்கத்தையும் ஒத்துக்கொள்கிறேன். 'பட்டர்' அந்த வருடம் அமெரிக்கா மிக அதிகமாகக் கேட்ட பாட்டு இல்லை. வருடக் கடைசியில் பில்போர்ட் போட்ட 2021 தொகுப்புப் பட்டியலே அதைச் சொல்லிவிட்டது. பத்து வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு முதல் பத்தில்கூட இல்லை. அந்த வருடத்தின் முதல் பாட்டு துவா லிபாவின் 'லெவிடேட்டிங்'. அது வாராந்திரப் பட்டியலில் ஒரு வாரம்கூட முதலிடத்துக்கு வந்ததில்லை, இரண்டோடு சரி. இந்த விவரத்தை முதன்முதலில் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரே நிறுவனம், ஒரே தராசு. வாரத்துக்கு ஒரு உண்மை, வருடத்துக்கு ஒரு உண்மை. தங்கச்சியிடம் காட்டினேன். "அதுக்கென்ன அண்ணே, யாரு அதிகம் கேட்டாங்கன்னு நாங்க சொல்லவே இல்லையே" என்றாள். அவளுடைய கூட்டம் எதை அளக்கிறது என்று அவளுக்குத் தெளிவு இருந்தது. எத்தனை பேர் இந்தப் பாட்டுக்காகக் கையை விட்டுக் காசு எடுப்பார்கள் என்பதை. தெளிவில்லாதவர்கள் பட்டியலைப் போட்டவர்கள்.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. தொழிற்சாலையில் நான் ஒரு தராசுக்குச் சான்றிதழ் கொடுத்தால், எந்த வெப்பநிலையில், எந்தக் கல்லை வைத்துச் சோதித்தேன் என்று அதே தாளில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வேன். ஒவ்வொரு வாரமும் இடத்துக்குப் பக்கத்தில் விற்ற பிரதிகளில் எத்தனை தள்ளுபடியில் போனது, சராசரி என்ன விலை என்று இரண்டு எண் அச்சடித்தால் போதும். விலை குறைப்பு நடந்ததென்று பில்போர்ட் தன் கட்டுரைகளில் அவ்வப்போது எழுதத்தான் செய்கிறது. யார் படிக்கிறார்கள்? இடம் மட்டும்தான் சுற்றி வருகிறது. அதற்கும் மனம் இல்லையென்றால் 69 காசுப் பிரதிக்கு அரைப் பிரதி எடை கொடுங்கள். முழு விலையில் ஏறக்குறைய பாதிதானே. இணையத்தில் காசு கட்டிக் கேட்பவனுக்கு ஒரு எடை, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவனுக்குக் குறைந்த எடை என்று 2018இலிருந்தே பிரித்துத்தான் எண்ணுகிறார்கள். கேட்பதில் முடிந்தது விற்பதில் முடியாதா?

தங்கச்சி மீதும் எனக்குக் குறை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒருதலையாகிவிடும், அவளும் படிக்கப்போகிறாள். 50 வெள்ளிக்குப் பதினேழு என்று அவள் மகிழ்ந்தாளே, அந்தத் தள்ளுபடி அவளுக்குக் கொடுத்த சலுகையே இல்லை. சலுகை என்றால் 2 வெள்ளி 90 காசில் ஒரு பாட்டு வாங்கிவிட்டு மீதியைப் பையில் வைத்திருப்பாள். இங்கே விலை குறைந்ததும் செலவு குறையவில்லை. அதே 50 வெள்ளி போனது, எண்ணிக்கைதான் ஏறியது. நிறுவனத்துக்கும் கடைக்கும் வரவேண்டிய 50 வெள்ளி வந்துவிட்டது, மேலே இலவசமாக ஒரு முதலிடம். அந்த முதலிடத்தை வைத்து அடுத்த விளம்பர ஒப்பந்தம் பேசுவார்கள். கேட்டி பெர்ரிக்காக நிறுவனம் தன் வரவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் செய்ததை, இங்கே பிள்ளைகளின் டியூஷன் காசே செய்து முடித்துவிட்டது. இதை அவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பெட்ரோல் போட்டுக்கிட்டு ஈப்போ வரைக்கும் புத்தக வெளியீட்டுக்குப் போறியே, அது யாருக்கு லாபம்?" என்றாள்.

கேட்டுவிட்டாள். ஆகவே நம் கதைக்கும் வருவோம். இங்கே நூல் வெளியீட்டில் என்ன நடக்கிறது? ஒரு டத்தோ மேடையேறி முதல் நூலை 1000 வெள்ளி, 2000 வெள்ளி கொடுத்துப் பெற்றுக்கொள்வார். கைத்தட்டல். பிறகு 100 வெள்ளி உறையோடு வரிசை. எண்ணிப் பார்த்தால் வசூல் கொழுத்திருக்கும், பிரதிகள் அட்டைப்பெட்டியில் அப்படியே இருக்கும். பில்போர்ட் பிரதியை எண்ணுகிறது, காசைப் பார்ப்பதில்லை. நாம் காசை எண்ணுகிறோம், பிரதியைப் பார்ப்பதில்லை. "வெளியீடு மாபெரும் வெற்றி" என்று மறுநாள் நாளிதழில் படம் வரும். அந்த டத்தோ புத்தகத்தைத் திறந்தாரா என்று எந்த அண்ணனும் மாமாக் கடையில் கேட்டதில்லை. திறக்காமல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனதை நான் இரண்டு முறை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 69 காசு கொடுத்தவள் குறைந்தபட்சம் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடுவாள், அதுவும் கொரிய உச்சரிப்போடு, விடியற்காலை இரண்டு மணிக்கு, பக்கத்து அறையில் எனக்குக் காலைப் பணி இருக்கும் நாளில்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் வந்தது. அடுத்த மாதம் அவருடைய சிறுகதைத் தொகுப்பு வெளியீடு. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ஒரு நூல் 20 வெள்ளி, மூன்று வாங்கினால் 50 வெள்ளி. கதைகள் நன்றாக இருக்கும், சிலவற்றை ஏற்கெனவே இதழ்களில் படித்திருக்கிறேன். மூன்று எடுக்கலாமென்று இருக்கிறேன்.